தழை அறைக்குள் ரப்பர் புழு

அத்தியாயம் ஏழு

“மேடம், டிக்கெட் எடுத்தது அரூருக்கு. எறங்குனது அடுத்த ஸ்டாப்புல. மீதி தூரத்துக்கு நம்ம சீட்டு ரெண்டும் தனியா போய்ச் சேந்துக்குமா?”

மல்பெரிச் செடிகளுக்கு நடுவே குனிந்து ஓடிக்கொண்டே கேட்டான் கிருஷ்ணப்பன். காலையில் ஊரில் விசாரித்துவிட்டு, பஸ் ஏறிப் போய்விட்டதாகக் காட்டி, யாருக்கும் தெரியாமல் திரும்பி வந்திருந்தார்கள். செடி அவன் நெஞ்சளவு. நிமிர்ந்தால் தலை தெரியும், குனிந்தால் இடுப்பு போகும். முன்னால் போன ராஜமேரிக்கு அந்தக் கவலை பாதிதான். அவள் உயரத்துக்கு லேசாகக் கழுத்தை மடக்கினாலே செடி குடை பிடித்தது.

“வாய மூடிட்டு வா. அந்தக் கட்டடத்துக்குள்ள போகணும். அந்தம்மா வேளாங்கண்ணி பாக்கறதுக்குள்ள.”

“புழு வளக்கற வூட்டுக்குள்ளயா? அந்தம்மா போலீஸையே பூட்ஸோட உள்ள வுடல. நம்மள பாத்துச்சுன்னா தழையோட தழையா நறுக்கிப் போட்ரும்.”

“அதனாலதான் போறோம். இந்த ஊர்ல போலீஸ் காலு வைக்காத எடம் அது ஒண்ணுதான்.”

கேஸ் இதுதான். மாரண்டஹள்ளிக்குப் பக்கத்தில் இருக்கும் இந்தக் கிராமத்துக்காரர் செபாஸ்டின், ஒரு பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் லெக்சரர். அக்கா வேளாங்கண்ணி வளர்க்கும் பட்டுப்புழுக்களின் முன்னால் வருஷக்கணக்காகக் குத்த வைத்து உட்கார்ந்து, கடைசியில் ரப்பரில் ஒரு புழு செய்தார். எலும்பு கிடையாது, சக்கரம் கிடையாது, பல்சக்கரம் ஒன்றுகூடக் கிடையாது. காற்றடித்தால் குழாய்க்குள் ஊர்ந்து போகும். மண்ணுக்கடியில் தண்ணீர்க் குழாய் எங்கே உடைந்திருக்கிறது என்று தோண்டாமலே கண்டுபிடிக்கலாம் என்பது அவர் கணக்கு. பெங்களூர்க் கம்பெனி ஒன்று அதைப் பார்க்க ஆள் அனுப்புகிறது. இன்று சாயங்காலம்.

இந்த நேரத்தில்தான் புழுவைக் காணோம். பத்து நாளாகத் தேடிவிட்டு நேற்று புகார் கொடுத்தார் செபாஸ்டின். போலீஸ் நேராகப் போய் மாரியப்பனைத் தூக்கியது. போர் போடும் லாரியில் கம்ப்ரசர் ஓட்டுகிற மாரியப்பன்தான் ரப்பர் புழுவுக்குச் சும்மா காற்றடித்துக் கொடுத்தவன். இன்னும் கைதென்று எழுதாமல் ஸ்டேஷனில் உட்கார வைத்திருக்கிறார்கள்; நாளைக் காலையில் கோர்ட்டில் நிறுத்தி, ரிமாண்டு செய்து சேலம் ஜெயிலுக்கு ஏற்றிவிடுவார்கள். அதற்குள் புழு கிடைக்க வேண்டும். அவன் மனைவி செல்லி ஒரு கூடைத் தக்காளியைத் தலையில் வைத்துக்கொண்டு தர்மபுரியில் ராஜமேரியின் துப்பறியும் ஆபீஸ் மாடிப்படி ஏறியது நேற்று ராத்திரி. அங்கே உதவியாளனாக இருக்கும் கிருஷ்ணப்பன் அந்தத் தக்காளியில் நான்கைத் தின்றுவிட்டான். அதாவது கேஸை ஒத்துக்கொண்டாயிற்று.

“மாரியப்பன் எடுக்கலன்னு எப்பிடி மேடம் அடிச்சு சொல்றீங்க? தக்காளி நல்லா இருந்துச்சுன்னா?”

“பட்டுப்புழுவுக்குப் பொகையில வாசம் ஆகாது. பொகையில தொட்ட கையால தழைய தொட்டா போதும், தின்ன புழு பச்சையா கக்கிட்டுச் செத்துப்போவும். மாரியப்பன் வாயில எந்நேரமும் பொகையில. கம்ப்ரசர் சத்தத்துல வேலை பாக்கறவன், வாயில அத அதக்கலன்னா நிக்க முடியாது. ரப்பர் புழு எங்க இருந்துச்சு?”

“தட்டு அடுக்குக்கு மேல. நெசப் புழுவுக்குப் பக்கத்துலயே.”

“அவன் அங்க போயி கைய நீட்டி எடுத்திருந்தா, கீழ இருந்த தட்டெல்லாம் என்ன ஆயிருக்கணும்? காலையில வேளாங்கண்ணி காப்பி குடுக்கறப்ப என்ன சொல்லுச்சு?”

கிருஷ்ணப்பன் யோசித்தான். காலையில் அவன் முழுக் கவனமும் காப்பிக்குக் கூட வந்த முறுக்கின் மேல் இருந்தது. “இந்த வாட்டி ஒரு தட்டு கூட கெடல, கூடு நல்ல வெலைக்குப் போச்சுன்னு...” சொல்லிக்கொண்டே வந்தவன் நின்றுவிட்டான். “அடேங்கப்பா. அப்ப எடுத்தது கையக் கழுவிட்டு உள்ள போற ஆளு!”

“இப்பதான் தக்காளிக்குத் தக்க வேலை செய்யற.”

கட்டடம் புதிது. லோனில் கட்டிய, மொட்டைமாடி வைத்த தார்சுக் கட்டடம். கூடுகளை விற்றுவிட்டு, அடுத்த முட்டை வருவதற்காகக் கழுவிக் காயப் போட்டிருந்ததால் கதவு ஒருக்களித்துத் திறந்திருந்தது. ஜன்னல்களுக்கு வெளிப்பக்கம் பலகை சாத்தி, இண்டு இடுக்கிலெல்லாம் மாவுப் பசையால் நியூஸ்பேப்பர் ஒட்டியிருந்தது. அப்போதே கிருஷ்ணப்பனுக்கு ஒரு சந்தேகம் வந்திருக்க வேண்டும். பேப்பரில் வந்திருந்த சினிமா விளம்பரத்தைத் தலைகீழாகப் படித்ததில் அது வராமல் போயிற்று.

பெரிய கூடத்தில் மூங்கில் தட்டுகள் காலியாக அடுக்கியிருந்தன. அதைத் தாண்டிக் கடைசியில் ஒரு சின்ன அறை. பறித்த தழை வாடாமல் இருக்க வைக்கிற அறை. ஜன்னல் கிடையாது. மூலையில் தண்ணீர்த் தொட்டி, ஈரச் சாக்குகள், ஒரு தழைக்கூடை, மேலே ஒரு பரண்.

“ஏறு,” என்றாள் ராஜமேரி.

“நான் பி.ஏ. எக்கனாமிக்ஸ் மேடம்.”

“பாதிதானே படிச்ச? பாதி பரணுக்கு ஏறு, போதும்.”

ஏறினான். பழைய வலைகள், ஒடிந்த மூங்கில், ஒரு தும்மல். வலைக்குள் கை எதிலோ பட்டது. மெத்தென்று, குளிர்ச்சியாக. “அய்யய்யோ ஹாவு!” என்று அவன் வாயில் வந்தது வீட்டுக் கன்னடம். பாம்பில்லை. இழுத்ததும் வழுக்கி வந்து ராஜமேரியின் காலடியில் தொப்பென்று விழுந்தது.

கறுப்பு ரப்பர். முழங்கை நீளம். சைக்கிள் டியூபை வெட்டி ஒட்டி மூன்று பாகமாகச் செய்திருந்தது. தலைப்பக்கம் ஒரு பை, வால்பக்கம் ஒரு பை, நடுவில் அக்கார்டியன் மாதிரி மடிப்பு மடிப்பாக ஒன்று. வாலிலிருந்து மூன்று சன்னக் குழாய்கள் சுருள் சுருளாக. ஒவ்வொன்றின் முனையிலும் ஒரு கிளிப். கூடவே ஒரு சைக்கிள் பம்பு.

“கெடச்சுருச்சு!” என்று குதித்தான் கிருஷ்ணப்பன். “மாரியப்பன் வெளிய வந்தாச்சு! வாங்க மேடம், டேசனுக்கு...”

ராஜமேரி கையைத் தூக்கினாள். வெளிக் கூடத்தில் சத்தம். புஸ்... புஸ்... புஸ்... யாரோ எதையோ பீய்ச்சி அடிக்கிற சத்தம். பிறகு கதவு சாத்துகிற சத்தம். தாழ்ப்பாள். பூட்டு.

கிருஷ்ணப்பன் கூடத்துக்குள் பாய்ந்தான். இரண்டு அடி போவதற்குள் கண்ணில் மிளகாயை அரைத்து அப்பியது போல் இருந்தது. மூக்கு, தொண்டை, நெஞ்சு எல்லாம் ஒரே நேரத்தில் எரிந்தன. சுவரெல்லாம் ஈரம். கதவு வரை போய்ச் சேர முடியவில்லை. வெளியே யாரோ சாவகாசமாகப் பேப்பர் ஒட்டுகிற சரசரப்பு. கத்த வாயைத் திறந்தால் இருமல்தான் வந்தது. இதே நேரம் பார்த்துக் கரண்டு வந்துவிட்டது போல. கிணற்று மோட்டார் ‘டபடப’வென்று பிடித்துக்கொண்டது.

ராஜமேரி அவனுடைய காலரைப் பிடித்துத் தழை அறைக்குள் இழுத்துக் கதவைச் சாத்தினாள். ஈரச் சாக்கைச் சுருட்டிக் கதவின் அடியில் திணித்தாள். இன்னொன்றை அவன் முகத்தில் எறிந்தாள்.

“மூக்குல வச்சுக்க. பார்மலின். அடுத்த பேட்ச்சுக்கு முன்னாடி நோய்க்கிருமி சாகறதுக்கு அடிப்பாங்க.”

“நாம கிருமியா மேடம்?”

“இப்போதைக்கு அந்த வரிசைலதான் இருக்கறோம்.”

“எவ்வளவு நேரம் பூட்டி வைப்பாங்க?”

“ஒரு நாளு. யாரும் இந்தப் பக்கமே வரமாட்டாங்க. பேப்பர் ஒட்டுன புழு வூட்டுக்கிட்ட குழந்தைய கூட வுடமாட்டாங்க இந்த ஊர்ல. அது அவங்க கட்டுப்பாடு.”

கிருஷ்ணப்பனுக்கு ஜோக் ஒன்றும் வரவில்லை. பன்னிரண்டு கேஸ்களில் அவனுக்கு இப்படி ஆனதே இல்லை. சாக்கை மீறிக் கதவிடுக்கில் அந்த வாடை நூல் நூலாக வந்துகொண்டே இருந்தது. ஒரு நாள் முழுக்க இதற்குள் இருந்தால் நாளைக்கு வேளாங்கண்ணி கதவைத் திறக்கிறபோது...

“வேளாங்கண்ணிதான்!” என்றான் இருமிக்கொண்டே. “கையக் கழுவிட்டுப் போற ஆளு. பரணுல ஒளிச்சு வச்ச ஆளு. நாம உள்ள இருக்கறத பாத்துட்டுப் பூட்டுன ஆளு. தம்பி பேர் வாங்கிட்டா பெங்களூரு போயிருவான்னு பயம்! கேஸ் முடிஞ்சுது. நாமளும்தான்.”

“பேசற மூச்சை மிச்சம் பண்ணு,” என்றாள் ராஜமேரி. அவள் தரையில் குப்புறப் படுத்திருந்தாள்.

சுவரும் தரையும் சேருகிற மூலையில், தழை கழுவிய தண்ணீர் போக ஒரு பி.வி.சி. குழாய். துணி அடைத்திருந்தது. உருவி எடுத்ததும் உள்ளே ஒரு கீற்று நல்ல காற்று வந்தது. இருவரும் மாற்றி மாற்றி மூக்கை வைத்து உறிஞ்சினார்கள். கிருஷ்ணப்பன் குழாய்க்குள் கத்திப் பார்த்தான். மோட்டார் சத்தம் அவன் குரலை அப்படியே விழுங்கிவிட்டுத் திருப்பி ‘டபடப’ என்றது. ராஜமேரி பேனா டார்ச்சை அடித்தாள். குழாய் சுவரைத் தாண்டிப் போய் ஒரு வளைவு வளைந்து கீழே இறங்கியது. மூங்கில் குச்சியை விட்டுப் பார்த்தான். வளைவில் போய் ‘டக்’கென்று முட்டியது. வளையும்படி பிளந்து விட்டான். அதுவும் முட்டியது.

“கடைசி முனை மல்பெரி வரப்புல இருக்குது. காலையிலயே பாத்தன். சாயங்காலத் தழைக்கு மத்த வூட்டு பொம்பளைங்க அங்க வருவாங்க. கத்துனா கேக்காது. ஆனா கண்ணுல எதாச்சும் பட்டா...” ராஜமேரி திரும்பி அந்த ரப்பர் புழுவைப் பார்த்தாள். கிருஷ்ணப்பனும் பார்த்தான்.

“மேடம், இத ஓட்டத் தெரியுமா உங்களுக்கு?”

“எனக்கு சைக்கிளே ஓட்டத் தெரியாது.”

பத்து நிமிஷம் போராடினார்கள். விஷயம் இவ்வளவுதான். வால் பையில் காற்றடித்தால் அது உப்பிக் குழாய்ச் சுவரைப் பிடித்துக்கொள்கிறது. நடு மடிப்புக்குக் காற்றடித்தால் அது நீண்டு தலையை முன்னால் தள்ளுகிறது. இப்போது தலைப் பையை உப்ப வைத்து, வாலையும் நடுவையும் காற்றிறக்கினால், வால் தானாக முன்னால் இழுபட்டு வருகிறது. மறுபடி வால், நடு, தலை. ராஜமேரி பம்படித்தாள். கிருஷ்ணப்பன் கிளிப்புகளைத் திறந்து மூடினான். அவளுடைய சிவப்புக் கைக்குட்டையைத் தலையில் கட்டிக்கொண்டு ரப்பர் புழு ஒரு விரல்கடை, ஒரு விரல்கடையாகக் குழாய்க்குள் நகர்ந்தது.

“போகுது மேடம்! நம்மூரு டவுன் பஸ்ஸ விட வேகமா போகுது!”

வளைவு வந்தது. நின்றுவிட்டது.

“அடிங்க மேடம்! இன்னும் காத்து!”

ராஜமேரி அடித்தாள். புழு கல் மாதிரி இறுகி வளைவில் முட்டிக்கொண்டு நின்றது. இன்னும் அடித்தாள். முனகியது, அசையவில்லை. பின்னால் இழுத்து மறுபடி விட்டார்கள். மறுபடி அதே இடம். அதே முட்டல். மூங்கில் குச்சிக்கும் இதற்கும் ஒரு வித்தியாசமும் இல்லை.

அறையில் வாடை கூடியது. ராஜமேரியின் கண்ணிலிருந்து தண்ணீர் தாரையாகக் கொட்டியது. பம்பை வைத்துவிட்டுச் சுவரில் சாய்ந்தாள். அவள் இப்படிச் சாய்ந்து கிருஷ்ணப்பன் பார்த்ததில்லை.

“செல்லிகிட்ட சாயங்காலத்துக்குள்ள முடிச்சுர்றன்னு சொன்னன்,” என்றாள் மெல்ல.

கிருஷ்ணப்பன் வேறொன்றைப் பார்த்துக்கொண்டிருந்தான். தழைக்கூடையின் விளிம்பில், வாடிய ஒரு கொப்பில், ஒரே ஒரு பட்டுப்புழு. வெள்ளையாக, விரல் தடிமனில். கூடு கட்டப் போன கூட்டத்தோடு போகாமல் பின்தங்கிவிட்ட ஒன்று. அதுவும் மாட்டிக்கொண்டது. வாடை ஏறியதும் கொப்பை விட்டுவிட்டுக் கூடையின் விளிம்பைத் தாண்ட முயன்றது.

விளிம்புக்கு வந்ததும் நின்றது. வயிற்றுக்கடியில் இருக்கிற குட்டைக் கால்களால் மூங்கிலை இறுக்கிப் பிடித்துக்கொண்டது. முன்பாதி உடம்பை மட்டும் அப்படியே விட்டுவிட்டது. தொளதொளவென்று. தலை அந்தப் பக்கம் தொங்கியது, ஆடியது, தடவியது. பின்னாலிருந்து ஒரு சுருக்கம் அலை மாதிரி ஓடி வந்து, தொங்கிய பாதியைக் கொஞ்சம் கீழே தள்ளியது. மூங்கில் கிடைத்ததும் தலை ஒட்டிக்கொண்டது. அவ்வளவுதான். விளிம்பைத் தாண்டிவிட்டது.

“மேடம்,” என்றான் கிருஷ்ணப்பன். “இது முட்டவே இல்ல.”

“எது?”

“பின்னாடி மட்டும்தான் புடிக்குது. முன்னாடி ஒண்ணுமே பண்ணல. சோம்பேறி மாதிரி தொங்க வுட்ருது. நாம எல்லாத்துக்கும் காத்தடிச்சு அத வெறப்பா ஆக்கிட்டோம். வெறச்சா குச்சி. குச்சி எங்க வளையும்?”

ராஜமேரி நிமிர்ந்தாள்.

“தலையில இருக்கற காத்த முழுசா எறக்குங்க. வாலு மட்டும் கெட்டியா. நடுவுக்கு லேசா, ரொம்ப லேசா, குழந்தைக்கு ஊதற மாதிரி அடிங்க. நான் எங்கூட்ல இப்பிடித்தான் வேலை பாக்கறன்னு எங்கம்மா சொல்லும். அது நல்ல டெக்னிக்குன்னு இப்பதான் தெரியுது.”

தலைக் கிளிப்பைத் திறந்தான். புஸ்ஸென்று தலை தளர்ந்து தொங்கியது. ராஜமேரி பம்பை மெதுவாக அமுக்கினாள். டார்ச் வெளிச்சத்தில், கைக்குட்டை கட்டிய தலை வளைவில் பட்டது. முட்டவில்லை. மடங்கியது. சுவரோடு சுவராக வழிந்து கீழே சரிந்தது. இன்னும் ஒரு அமுக்கு. தலை மறைந்துவிட்டது.

“போயிருச்சு!”

“இப்ப தலைக்கு அடிக்கறன். பிடிக்கட்டும். வால வுடு.”

வால் நெளிந்து வளைவுக்குள் போயிற்று. சன்னக் குழாய்கள் அவன் விரல்களுக்கிடையில் மெல்ல மெல்ல ஓடின. பிறகு நின்றன. அதற்கு மேல் இழுக்கவில்லை. வெளியே போய்ச் சேர்ந்துவிட்டதா, நடுவில் எங்கேயாவது சிக்கிவிட்டதா, தெரியவில்லை. இருவரும் குழாய் வாயில் காதை வைத்துக்கொண்டு கிடந்தார்கள். கிருஷ்ணப்பனின் நெஞ்சு வலித்தது. வாடையாலா, பயத்தாலா என்று அவனுக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

குழாய் வழியாக, மோட்டார் சத்தத்துக்கு நடுவே, ஒரு அலறல் வந்தது.

“பாம்பு! பாம்புடி! கறுப்பு! குங்குமம் வச்ச தலை!”

“கதுர் அருவாளக் குடு இங்க! நசுக்கிரு தலைய!”

கிருஷ்ணப்பன் பம்பைப் பிடுங்கிச் சரசரவென்று அடித்தான். வெளியே புழு நெளிந்திருக்க வேண்டும். அலறல் இரண்டு மடங்காயிற்று. அதற்குள் இன்னொரு குரல். ஓடி வந்து மூச்சு வாங்குகிற குரல். காலையிலிருந்து செபாஸ்டின் வீட்டு வாசலில் நின்று கெஞ்சிக்கொண்டிருந்த செல்லியின் குரல்.

“வெட்டாத! ஏய், வெட்டாதடி! பாம்பில்ல அது! எங்கூட்டுக்காரரு காத்தடிச்ச புழு! என்னை ஜெயில் வாசல்ல நிக்க வச்ச புழு இதுதான்! ஐயோ, இது இங்க எங்க வந்துச்சு?”

மோட்டாரை யாரோ நிறுத்தினார்கள். அந்த அமைதியில் கிருஷ்ணப்பன் குழாய்க்குள் வாயை வைத்து, உயிர் முழுவதையும் சேர்த்துக் கத்தினான். “செல்லிக்கா! உங்க தக்காளி தின்னவன் பேசறன்! கதவத் தொறங்க!”

*

கதவு திறந்ததும் இருவரும் வெளியே வந்து வரப்பில் விழுந்தார்கள். ஆகாயம் அவ்வளவு பெரிதாக இருப்பதே கிருஷ்ணப்பனுக்கு இப்போதுதான் தெரிந்தது. யாரோ குடம் குடமாகத் தலையில் தண்ணீர் ஊற்றினார்கள்.

வேளாங்கண்ணி இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். முகத்தையும் காதையும் சேர்த்துக் கட்டியிருந்த துண்டு கழுத்தில் தொங்கியது. மருந்தடிக்கக் கட்டிய துண்டு. அதற்குள் ஒன்றும் கேட்டிருக்காது.

“ஏசுவே! உள்ள ஆளு இருந்தீங்களா! எனக்குத் தெரியவே தெரியாதுங்க! சத்தியமா... வாசப்படியில இருந்தே அடிச்சுட்டுச் சாத்திட்டன்...” அழுதுகொண்டே வந்தவள் சட்டென்று நிறுத்தினாள். “ஏங்க, கால் கழுவிட்டா உள்ள போனீங்க?”

“கழுவலீங்க,” என்றான் கிருஷ்ணப்பன். “ஆனா இப்ப கொடலு வரைக்கும் கழுவியாச்சு.”

இது கொலைகாரி பேசுகிற பேச்சில்லை. அவனுடைய தியரி அதோடு செத்துப்போயிற்று.

அப்போதுதான் செபாஸ்டின் ஓடி வந்தார். கசங்கிய சட்டை, தூங்காத கண். செல்லியின் கையில் தொங்கிய ரப்பர் புழுவைப் பார்த்தார். வரப்பில் நீட்டிக்கொண்டிருந்த குழாய் முனையைப் பார்த்தார். அதற்குள் போகிற மூன்று சன்னக் குழாய்களைப் பார்த்தார். சுவரோரம் குனிந்து, வளைவைக் கையால் தடவிப் பார்த்தார். அவர் முகம் வெளுத்தது.

“இந்த வளைவுல... எப்பிடிங்க திரும்புச்சு?”

ராஜமேரி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்தாள். கண் ரத்தச் சிவப்பு. குரல் மட்டும் பழையபடி.

“சார், திருட்டுப்போன பொருளு திரும்பக் கெடச்சா மனுசன் மொதல்ல என்ன கேப்பான்? எங்க இருந்துச்சு? எவன் எடுத்தான்? நீங்க ரெண்டும் கேக்கல. ஏன்னா ரெண்டும் உங்களுக்குத் தெரியும்.”

செபாஸ்டின் அப்படியே வரப்பில் உட்கார்ந்தார்.

“என்ன தம்பி சொல்லுது இந்தம்மா?” என்றாள் வேளாங்கண்ணி. “ஏன்டா பேசாம இருக்கற?”

“நேர்க் குழாய்ல போவும்க்கா,” என்றார் அவர் தரையைப் பார்த்துக்கொண்டு. “வளைவு வந்தா முட்டிக்கும். பெங்களூருல இருந்து எழுதிட்டாங்க, வளைவு வச்ச குழாய் அவங்களே கொண்டாருவாங்களாம். வளைவுலயும் போவும்னு நான்தான் ஜம்பமா சொல்லி வச்சன். ரப்பர மாத்துனன். மாரியப்பன இன்னும் காத்து, இன்னும் காத்துன்னு அடிக்கச் சொன்னன். வரல. காணாம போச்சுன்னா மறுபடி ஒரு தவணை குடுப்பாங்கன்னு பரணுல போட்டன். இன்னிக்கு அவங்க வரப்ப காட்டறதுக்குத்தான் புகாரும் எழுதிக் குடுத்தன்.”

“காத்து கம்மியா வேணும் சார்,” என்றான் கிருஷ்ணப்பன். “தலைய தொங்க வுட்டா தானா வளையுது. உங்கூட்டுப் புழு ஒண்ணுதான் சொல்லிக் குடுத்துச்சு. கூடையில இன்னும் இருக்கும், போயி ஒரு வணக்கம் வச்சுட்டு வாங்க.”

செபாஸ்டின் தலையைத் தூக்கினார். இவ்வளவுக்கு நடுவிலும் அந்தக் கண்ணில் ஒரு வெளிச்சம் வந்துவிட்டது. “வாலு மட்டும் புடிச்சு... முன்பாதிய தளர வுட்டு... எத்தன வருசமா பாக்கறன்! நடக்கறத மட்டும் பாத்தன், தொங்கறத பாக்கல!”

“மாரியப்பன் பேரை எதுக்கு சார் குடுத்தீங்க?” என்றாள் ராஜமேரி.

வெளிச்சம் அணைந்தது. “குடுக்கலீங்க. வேற யாரு இதத் தொடுவாங்கன்னு ஏட்டு கேட்டாரு. மாரியப்பன் காத்தடிப்பாப்லன்னு சொன்னன். அவ்வளவுதான். அதுக்குள்ள ஜீப்புல ஏத்திட்டாங்க. அப்பறம் வாய் தொறக்க முடியல. இன்னிக்கு அவங்க வந்துட்டுப் போகட்டும், நாளைக்குச் சொல்லிரலாம்னு...”

“நாளைக்கு அவரு சேலத்துல இருப்பாரு,” என்றாள் செல்லி.

அவள் அதைக் கத்திச் சொல்லவில்லை. அதனால் எல்லோருக்கும் கேட்டது.

செபாஸ்டின் எழுந்து அவள் பக்கம் வந்தார். “செல்லி, ஒரு மணி நேரம் குடும்மா. பெங்களூரு வண்டி இப்ப வந்துரும். இப்பதான் ஓடுது அது. ஒரே ஒரு வாட்டி காட்டிட்டு, நானே நேரா டேசனுக்கு வரன். மாதாவ சாட்சியா வச்சு சொல்றன்.” கையை நீட்டினார். “புழுவக் குடு.”

செல்லி புழுவைக் கீழே வைக்கவில்லை. குழாய்க்குள்ளிருந்து சன்ன டியூப்களை உருவி, முழங்கையில் கயிறு சுற்றுகிற மாதிரிச் சுற்றிக்கொண்டாள். ரப்பர் புழுவைத் தோளில் போட்டாள். சிவப்புக் கைக்குட்டை அவள் மாரில் தொங்கியது.

“இது உங்க புழு இல்லீங்க,” என்றாள். “திருட்டுப்போன பொருளுன்னு நீங்கதானே எழுதிக் குடுத்தீங்க? கெடச்சா டேசன்லதான் குடுக்கணும். நான் கொண்டுபோய்க் குடுக்கறன். அப்பறம் அங்க வந்து வாங்கிக்குங்க. எங்கூட்டுக்காரர் வெளிய வந்தப்பறம்.”

திரும்பிப் பார்க்காமல் வரப்பில் நடந்தாள்.

செபாஸ்டின் ராஜமேரியைப் பார்த்தார். ராஜமேரி முகத்தைக் கழுவப் போய்விட்டாள். அக்காவைப் பார்த்தார். வேளாங்கண்ணி, “என்னை ஏன் பாக்கற? ரெண்டு உசுர நான் பூட்டுனன், ஒரு உசுர நீ பூட்டிட்டு நிக்கற. போடா!” என்றாள்.

தூரத்தில் பெங்களூர்ச் சாலையில் ஒரு வெள்ளை வேன் புழுதி கிளப்பிக்கொண்டு திரும்புவது தெரிந்தது. எதிர்ப்பக்கம் மாரண்டஹள்ளி பஸ் ஹாரன் அடித்தது. செபாஸ்டின் இரண்டையும் ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு செருப்பைக்கூடத் தேடாமல் பஸ்ஸைப் பார்த்து ஓடினார்.

கிருஷ்ணப்பன் இருமிக்கொண்டே பின்னால் ஓடினான். அவன் போய்ச் சேர்வதற்குள் செல்லி முன்படியில் ஏறிவிட்டாள். கண்டக்டர் அவள் தோளில் கிடந்ததைப் பார்த்துவிட்டு ஒரு அடி பின்னால் நகர்ந்தார்.

“என்னம்மா இது? இதெல்லாம் வண்டியில ஏத்தக் கூடாது.”

“ஏத்தலாங்க, இது கடிக்காது.”

“சரி, டேசன் ஸ்டாப்பா? எத்தன டிக்கெட்டு?”

செல்லி ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள். வெறுங்காலோடு, வேட்டியை மடித்துப் பிடித்துக்கொண்டு, லெக்சரர் செபாஸ்டின் புழுதியில் ஓடி வந்துகொண்டிருந்தார்.

“போறதுக்கு ரெண்டு,” என்றாள். “வரதுக்கு மூணு. எல்லாம் அந்தாளு எடுப்பாரு.”